திவாலுக்குப் பிறகு ஒரு வாடகை வீடு

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் யாரும் அலுவலக வாசலில் காரை நிறுத்த மாட்டார். பக்கத்து இந்தியன் ஸ்டோர் முன்னால் நிறுத்திவிட்டு, கையில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு உள்ளே நுழைவார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால், காய் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

தொண்ணூறுகளின் கடைசியில் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் மௌரி அவென்யூவில் ஒரு கடன் ஆலோசனை அலுவலகத்தில் எனக்கு வேலை. திவாலானவர்களின் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது அவர்கள் கடன் வாங்கிக் கட்டிய ஜாதகத்தை, சுத்தம் செய்ய உதவுவோம். சுத்தம் என்றால் திவாலை அழிப்பது இல்லை. அது பத்து வருஷம் சட்டமாக உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி இருக்கிற தப்புகளைத் திருத்துவதுதான் எங்கள் வேலை. தபாலில் கிரெடிட் கார்டு பில் வந்தாலே பிரிக்காமல் ஒளித்துவைக்கும் என் சக பாவிகளே, உங்களுக்காக ஒரே ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

கார்த்திகேயன் பழனிசாமி கோபிசெட்டிப்பாளையத்துக்காரர். நல்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, கிரெடிட் கார்டுகளை நம்பி இட்லிக்கடை போட்டவர். கடை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. திவால் மனு போட்டார், கோர்ட்டும் கடன்களைத் தள்ளுபடி செய்தது. மறுபடி வேலை கிடைத்துவிட்டது, வீடுதான் கிடைக்கவில்லை. போன அபார்ட்மென்ட் எல்லாம் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கையை விரித்தன. அதனால் மனைவி சுமதியும் ஆறு வயது மகள் நிலாவும் பக்கத்து ஊரான பிளசன்டனில் சுமதியின் அண்ணன் வீட்டில். இவர் ஃப்ரீமான்ட்டில் கல்யாணமாகாத பையன்களோடு ஒரு ரூமில்.

மச்சான் தங்கமானவர். இவரையும் அங்கேயே இருக்கச் சொன்னார். ஆனால் பெண் எடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று இவருக்கு ரோஷம். ஞாயிறன்று மட்டும் போவார். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று வடை பாயசத்தோடு விருந்து நடக்கும். சாயங்காலம் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவர், கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். "போன வாரம் வாசல்ல நின்னுட்டு என்ற பொண்ணு கேக்குதுங்க: 'அப்பா, ஆர் யூ ஸ்டேயிங் ஆர் ஜஸ்ட் விசிட்டிங்?'"

கூப்பிய கைகளுடன்

முதல் தப்பு சுலபமாக அகப்பட்டது. கோர்ட் தள்ளுபடி செய்த கார்டுகள் எல்லாம் இன்னும் பாக்கி நிற்பதாகவே ரிப்போர்ட் காட்டியது. பாக்கி சைபர், திவாலில் அடங்கியது என்றுதான் இருக்க வேண்டும். ரிப்போர்ட் போடும் கம்பெனிகளுக்குத் திருத்தச் சொல்லி ஒரு லெட்டர் எழுதி எடுத்து வாருங்கள் என்றேன். ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். "மிகவும் மதிப்பிற்குரிய ஐயா, கூப்பிய கைகளுடன்" என்று ஆரம்பம். அப்புறம் அவர் தாத்தா மஞ்சள் மண்டி நடத்திய விவரம். அதற்கு அடுத்த பக்கம் முழுக்க இட்லிக்கடை கிரைண்டர் ரிப்பேரான சோகம். முடிவில் ஐயாவின் குடும்ப நலம் விசாரிப்பு. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய நம் எல்லோர் கையும் இப்படித்தான் ஓடும்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வரும் சுபாவம். நாலு பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டு, மூன்றே வாக்கியம் எழுதினேன். இந்தக் கணக்குகள் கோர்ட்டில் தள்ளுபடியாகிவிட்டன. உத்தரவின் நகல் இத்துடன் உள்ளது. திருத்திவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். கார்த்திகேயன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனூண்டு எழுதுனா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களாக்கா?"

கார்டுக்குப் பொட்டு

திவாலுக்குப் பிறகு நல்ல பேர் எடுக்க ஒரு வழி, பேங்கில் டெபாசிட் கட்டி அதே அளவுக்கு ஒரு கார்டு வாங்குவது. பெட்ரோல் போடுங்கள், பில் வந்தவுடன் கட்டுங்கள், வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். சில வாரம் ஒழுங்காகப் போயிற்று. ஒருநாள் ஆள் வெளிறிப்போய் ஓடி வந்தார். பெட்ரோல் பங்க் மெஷின் கார்டை ஏற்கவே மாட்டேன் என்கிறதாம். பேங்க் கார்டை நிறுத்திவிட்டது, ரிப்போர்ட்டில் மறுபடி கரும்புள்ளி விழும், இனி எனக்கு எங்கே வீடு கிடைக்கப்போகிறது என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பக்கத்து மேஜை மரியா கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்துக் கறுப்புப் பட்டை முழுக்கச் சந்தனம், அதன்மேல் குங்குமம். முந்தின நாள் ஆயுத பூஜை. ரூம் பையன்கள் லேப்டாப், கார் சாவி எல்லாவற்றையும் அடுக்க, இவரும் பயபக்தியோடு கார்டை வைத்திருக்கிறார். மரியா ஈரத்துணியால் துடைத்துக்கொடுக்க, கார்டுக்கு உயிர் வந்துவிட்டது. அவள் சொன்னாள்: "எங்கம்மாவும் லாட்டரி டிக்கெட்டை மாதா சிலைக்கு அடியிலதான் வைப்பாங்க. ஆனா அதுமேல மெழுகு ஊத்த மாட்டாங்க."

யாருடைய வேன்?

ரிப்போர்ட் போடும் கம்பெனிகள் மூன்று. இரண்டு கம்பெனிகள் தப்பைத் திருத்திவிட்டன. மூன்றாவதும் திருத்தியது, ஆனால் கூடவே ஒரு வேன் லோனையும் சேர்த்து அனுப்பியது. டெக்சாஸ் மாநிலம் கேட்டியில் வாங்கிய புத்தம்புது வேன், மாதம் தவறாமல் பணம் கட்டப்பட்டிருந்தது. நம்மவரிடம் இருந்ததோ ஒரு பழைய ஓட்டைக் கார். ரிப்போர்ட்டின் பழைய முகவரிகளைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரை வாலாக ஒட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறோம். பழனிசாமிக்குப் பிறந்த கார்த்திகேயன்கள் ஈரோடு பக்கம் ஒரு பஸ் நிறைய இருப்பார்கள். அதில் இன்னொருவரையும், இவரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த அதே கன்சல்டிங் கம்பெனி அழைத்து வந்து, நியூ ஜெர்சி எடிசனில் அதே கெஸ்ட் ஹவுஸில் கொஞ்ச நாள் தங்க வைத்திருக்கிறது. ஒரே பெயர், ஒரே பழைய முகவரி. ரிப்போர்ட் கம்பெனி இரண்டு பேரையும் ஒருவராக்கிவிட்டது.

எனக்கு ஒரு சபலம். வேன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், வீட்டுக்காரர் கண்ணுக்கு நன்றாக இருக்கும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வாடகை வீட்டுக்காக ஒரு வருஷமாக அலைகிற மனிதர், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அவரோட நல்லது என்ற பேர்ல இருக்குதுன்னா, என்ற கெட்டது அவரு பேர்ல இருக்குமல்லங்க?"

நானும் அவன்தானுங்க

டைரக்டரியில் விசாரித்து நம்பர் வாங்கி, என் மேஜையிலிருந்தே கேட்டிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. "ஏனுங்க, கார்த்திகேயன் பழனிசாமிங்களா?" "ஆமாங்க, நீங்க யாருங்க?" "நானும் அவன்தானுங்க." ராங் நம்பர் என்று அவர் போனை வைக்கப் போனார். நான் பக்கத்திலிருந்து விளக்க வேண்டியதாயிற்று.

விளக்கியதும் அந்த மனிதர் போட்ட கூச்சலில் மரியா எழுந்து வந்துவிட்டாள். அவர் பவானிக்காரர். கேட்டியில் வீடு வாங்க லோன் கேட்டிருக்கிறார். போடாத திவாலையும் ஒரு ரெஸ்டாரன்ட் கிரைண்டர் பாக்கியையும் காட்டி, பேங்க் முடியாது என்றுவிட்டது. நம்மவர் கூனிக்குறுகி, இதனால் வீட்டில் ஏதாவது மனஸ்தாபம் என்றால் உங்கள் வீட்டம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றார். "உடனே பேசுங்க சாமி! மூணு மாசமா என்ற ஊட்டுக்காரி கேட்டுட்டே இருக்கறா, எனக்குத் தெரியாம எந்த ஊர்ல இட்லிக்கடை வெச்சிருந்தீங்கன்னு!"

வாசலில் நின்ற கார்

இரண்டு கார்த்திகேயன்களும் ஆளுக்கு மூன்று வாக்கியம் எழுதி, அடையாள நகல்களோடு அந்தக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கணக்குகள் பிரிந்தன. கேட்டிக்காரருக்கு லோன் கிடைத்தது. நம்மவர் ரிப்போர்ட்டிலிருந்து வேன் போயிற்று. மிஞ்சியது ஒரு திவாலும், அதற்குக் கீழே ஒழுங்காக நடந்துவந்த ஒரு கார்டும் மட்டும்தான். இதை வைத்து வீடு கிடைக்குமா என்று எனக்கே சந்தேகம்.

பிளசன்டனில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு விட இருந்தார். திவாலை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரிப்போர்ட்டை நீங்களே கையில் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, திவாலுக்குப் பிறகு ஒரு தாமதமும் இல்லையே என்றாராம். அட்வான்ஸ் மட்டும் கொஞ்சம் கூடக் கேட்டு, சாவியைக் கொடுத்துவிட்டார். அன்று கார்த்திகேயன் காரை நேராக எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். கையில் முருங்கைக்காய் இல்லை.

திருத்திய தப்பு மறுபடி முளைக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று ரிப்போர்ட்டையும் வாங்கிப் பாருங்கள் என்று எச்சரித்தேன். தீபாவளிக்குத் தீபாவளி பார்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். இப்போது அந்த நாளில் கேட்டிக்குப் போன் செய்து, உங்க வேன் இங்கே வரவில்லை என்றும் தகவல் சொல்கிறாராம்.

பால் காய்ச்சும் அன்று நானும் போயிருந்தேன். மணி அடித்ததும் நிலாதான் கதவைத் திறந்தாள். "அப்பா இருக்காராம்மா?" என்றேன். அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்டு வாசல்படியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. "யெஸ் ஆன்ட்டி. ஹி லிவ்ஸ் ஹியர்."

ஊருக்கெல்லாம் வருஷா வருஷம் வாங்கிப் பாருங்கள் என்று உபதேசம் செய்த நான், என் சொந்த ரிப்போர்ட்டை இன்றுவரை ஒரு தடவைகூட வாங்கிப் பார்த்ததில்லை என்பது மட்டும் மரியாவுக்குத் தெரிய வேண்டாம்.