பென்சில் புள்ளடி

காப்புறுதி அண்ணை பொய் எழுதினார். தெரியாமல் எழுதவில்லை. என் மனைவி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து, அவளுடைய வயிற்றையும் பார்த்துவிட்டுப் போய் எழுதினார்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் இருக்கும். தொண்ணூறுகளில் ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் ஆட்களில் அநேகர் ஜெர்மன் படிவங்களை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைப்பதில்லை. வரிக் கணக்கோ காப்புறுதியோ, அண்ணை வீட்டுக்கு வருவார். கையெழுத்துக்குரிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போடுவார். நாங்கள் அதன்மேல் வைப்போம். மிச்சத்தை அவர் தன் வீட்டில் நிரப்பிக்கொள்வார். வாசித்துப் பார்க்கக் கேட்பது அவரை அவமதிப்பது போல. நான் லண்டனிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போட்டோடு வந்து, கட்டடப் படங்கள் வரையும் சொந்தத் தொழில் தொடங்கியிருந்தேன். என் வரிப் பத்திரங்களும் அவரிடம்தான் போயின. ஒரு நாள் அவற்றோடு காப்புறுதிப் படிவத்தையும் கொண்டுவந்தார்.

"தம்பி, நீங்கள் எங்களை மாதிரி அகதியா வந்தனீங்களே? பிரிட்டிஷ்காரன்! அரசாங்கக் காப்புறுதியிலை போய் வரிசையிலை நிக்கப் போறியளோ? பிரைவேட்டிலை போடுங்கோ. டொக்டர் எழும்பி வந்து கதவு திறப்பார்."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

"அண்ணை, எனக்கு இப்ப நாலு மாசம். பிள்ளைப்பேற்றுக்கும் குடுப்பாங்களோ?"

"ஓம் தங்கச்சி. அந்தக் கவலையை என்னட்டை விடுங்கோ."

நாங்கள் விட்டுவிட்டோம். புள்ளடியின்மேல் கையெழுத்து வைத்தேன். முதல் ஸ்கேன் பில்லை அனுப்பியதும் நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. கர்ப்பமா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதப்பட்டிருந்ததாம். 'ஆம்' என்று எழுதியிருந்தால் எங்களைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அண்ணைக்குக் கமிஷனும் கிடைத்திருக்காது. அரசாங்கக் காப்புறுதிக்கு ஓடினேன். நாட்டுக்கு வந்த புதிதில் விண்ணப்பித்திருக்க வேண்டும், தவணை முடிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். என்னிடம் இல்லை. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"நீங்கள்தானே தம்பி கையெழுத்து வைச்சனீங்கள்?" என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

மனைவி லண்டனில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போனாள்; அங்கே பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். ஏழு மாதம் கடந்த அந்த வயிற்றோடு விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். பஸ்ஸிலும் கப்பலிலுமாகத் தனியாகப் போனாள். என்னால் கூடப் போக முடியவில்லை. ஒப்புக்கொண்ட வேலையை விட்டால் வாடகைக்கே வழியில்லை. கப்பலில் இரத்தம் பட்டதை எனக்குச் சொல்லாமல், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் போனில் சொன்னாள். குறைமாதத்தில் மகள் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளின் பக்கத்தில் தாய் தனியாக இருந்தாள். நான் எசனில் யாரோ ஒருவரின் வீட்டுக்குப் படிக்கட்டு வரைந்துகொண்டிருந்தேன். பிள்ளை தப்பியது. அவள் அதன்பிறகு எசனுக்குத் திரும்பவில்லை. நான்தான் எல்லாவற்றையும் மூடிக்கட்டிக்கொண்டு போனேன்.

இப்போது அண்ணைக்கு எசனில் பாராட்டு விழாவாம். 'எம்மவரின் வழிகாட்டி' என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். எனக்கும் ஒன்று வந்தது. வருகிறேன். முன்வரிசையில் என் மகளும் இருப்பாள். அண்ணை, பொன்னாடை போர்த்தி ஒலிவாங்கியை உங்கள் கையில் தரும்போது, சபைக்கு முன்னால் ஒன்றைச் சொல்லுங்கள்: கையெழுத்து என்னுடையது, சரி. புள்ளடி உங்களுடையது. அந்த 'இல்லை' யாருடையது?