துரையிடம் சொன்ன பதில்கள்

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "அம்மா, ஒண்ணும் ஆகாது. கம்பி அறுந்து விழறதெல்லாம் சினிமாலதான். மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறப்பார். அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் ரிப்பேர்காரர் என்றால் அவர்தான். அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் வீட்டுக்குள் காலை வைத்ததும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். மனைவியிடம் நேராகப் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

சண்டை மகளின் கல்யாணத்தால் வந்தது. அவள் தானே ஒருவனைப் பார்த்துக்கொண்டு போனபோது, "எல்லாம் நீ கொடுத்த இடம்" என்றார். "பெத்த பொண்ணு மனசு தெரியாத ஆளுகிட்ட இனிமே எனக்கென்ன பேச்சு?" என்றாள் மனைவி. ரோஷத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. மகள் விட்டுவிட்டுப் போன நாய் இருவருக்கும் நடுவில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உபசரித்தால்தான் தட்டில் வாய் வைக்கும் என்பதால் அதற்குத் துரை என்று பெயர். வீட்டுப் பேச்சு முழுக்கத் துரை வழியாகவே நடக்க ஆரம்பித்தது.

"துரை, கேஸ் தீர்ந்து போச்சுன்னு சொல்லு."

"நாளைக்கு வந்துடும்னு சொல்லுடா."

"ராத்திரி சாப்பாடு வேணுமா வேணாமான்னு கேளு."

"இதென்ன கேள்வின்னு கேளுடா."

துரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். கழுத்து வலித்திருக்கும், பாவம்.

அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு ஒரு கணக்கே கிடையாது. ஆனாலும் அவர் தெருமுனை திரும்பும்போதே துரை எழுந்துபோய்க் கதவோரம் நின்றுவிடும். "எப்படிடா உனக்கு மட்டும் தெரியுது?" என்று மனைவி அதனிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் தெருவில் நின்று, கண்ணை இறுக மூடி, 'துரை, பால்கனிக்கு வா' என்று மனதுக்குள் சொன்னார். கண்ணைத் திறந்தால் கம்பி இடுக்கில் கறுப்பு மூக்கு தெரிந்தது. போதாதா? நானும் அவனும் மனசால் பேசிக்கொள்கிறோம் என்று வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அண்ணே, மேனேஜர் மனசுல சம்பள உயர்வு இருக்கான்னு துரைகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்று கிண்டல் செய்தார்கள். அவர் அதற்கும் சிரித்துக்கொண்டார்.

வினையும் அங்கேதான் தொடங்கியது. ஒரு சாயங்காலம் மனைவி சமையலறை வாசலில் உட்கார்ந்து துரையின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தில் பேப்பரை விரித்திருந்தார்.

"துரை, இன்னும் மனசுல கோபம் இருக்கான்னு கேளு" என்றாள். குரல் கம்மியிருந்தது. "நானும் அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்."

அவர் பேப்பருக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டார். 'இல்லடா. தப்பு என்னோடது. போய்ச் சொல்லு.' துரை அவள் மடியில் தாடையை வைத்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அன்று நிம்மதியாகத் தூங்கினார். மனிதருக்கு வாய் என்று ஒன்றை எதற்குத்தான் கொடுத்திருக்கிறதோ!

அதற்குப் பிறகும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, பேரனைப் பார்க்க ஆசையில்லையா என்று கேட்டாள். எனக்கு ஏதாவது ஒன்று ஆனாலாவது என்னிடம் பேசுவாரா என்று கேட்டாள். எல்லாம் துரையைப் பார்த்துத்தான். அவரும் ஒன்று விடாமல் பதில் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு. தான் நல்ல புருஷன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

துரைக்கு வயதாகி, சிறுநீரகம் கெட்டு, ஒரு மழைக்காலத்தில் அது இறந்துபோனது. இருவரும் சேர்ந்துதான் புதைத்துவிட்டு வந்தார்கள். அழுததுகூட ஆளுக்கொரு அறையில். அதன் பிறகு கேஸ் தீர்ந்தால் காலி சிலிண்டர் வாசலுக்கு வந்து நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் அவள் மகளிடம் ஃபோனில் பேசுவது கேட்டது. "அங்கேயே வந்துடறேன்டி. துரையை யார் பாத்துப்பாங்கன்னுதான் இத்தனை நாள் இருந்தேன். எத்தனையோ கேட்டுப் பாத்துட்டேன். ஒரு வார்த்தை பதில் வரல. சுவத்துகிட்ட கேட்ட மாதிரி."

அவர் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. பதில் வரலையா? எல்லாவற்றுக்கும் சொன்னாரே! துரை சொல்லவில்லையா? அவள் மடியில் தலை வைத்ததே, அது சும்மா படுத்ததுதானா? இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவளுக்கு எதுவுமே தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை அவள் பெட்டியோடு கூடத்துக்கு வந்தாள். செருப்பை மாட்டினாள். அவர் எழுந்து நின்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"டேய் துரை, போக வேணாம்னு சொல்லுடா."

பழக்கம் அப்படி. கண் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "துரை இல்லைங்க" என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்து அவள் பேசியது அப்போதுதான். "என்கிட்ட சொல்லுங்க. நிக்கறேன்."

நின்றாள். கீழே டாக்சி இரண்டு முறை ஹாரன் அடித்தது. அப்போதும் நின்றாள். போகாதே என்று ஒரு வார்த்தைதான். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் திரட்டி, போகாதே, போகாதே என்று மனதுக்குள் கத்தினார்.

கண்ணைத் திறந்தபோது வாசலில் அவள் இல்லை.