அத்தை எடுத்துவைத்த புடவை

யாராவது எனக்கு ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால் சட்டென்று கை நீட்டி வாங்கமாட்டேன். பக்கத்து வீட்டம்மா "எங்க வீட்ல சும்மாதான் கிடக்குது, நீங்க வெச்சுக்குங்க" என்று ஒரு இட்லிப் பானையை நீட்டினால்கூட, முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்துவிட்டுத்தான் பானையைத் தொடுவேன். என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. அவருக்கென்ன, எங்கள் அத்தை தன் வீட்டைக் காலிசெய்ததைப் பார்த்தவரா அவர்?

அத்தை என் அப்பாவின் அக்கா. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. மாமா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள். குரல் ஒரு தெரு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். அவளிடம் ஒருமுறை பேரம் பேசியவர்கள் இரண்டாம் முறை பேசமாட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அந்த அத்தை தன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தாள்.

முதலில் போனது மாமாவின் கைக்கடிகாரம். ஓடாத கடிகாரம்தான், ஆனாலும் வாரம் தவறாமல் துடைத்துவைப்பாள். அதை அப்பாவின் கையில் திணித்து, "கட்டிக்கோடா. ஓடலன்னா இன்னா, கையில கீதுல்ல" என்றாள். அடுத்து மாமா பெயர் வெட்டிய தூக்குச்சட்டி, பிறகு வெண்கலப் பானை, பிறகு அவள் படுக்கிற கட்டில். வருஷாவருஷம் சேர்த்துவைத்த குருத்தோலைச் சிலுவைகளைக்கூடச் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலுக்கு எரித்துக்கொள்ளட்டும் என்று கோயிலில் கொடுத்துவிட்டாள். கல்யாண போட்டோவை மட்டும் அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. சட்டத்தைக் கழற்றி எங்களுக்குக் கொடுத்தவள், படத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள், எடுத்தாள், துடைத்தாள், மறுபடியும் அங்கேயே வைத்தாள். கடைசியில் என் அம்மாவிடம் கொடுத்து, "எங்கயாச்சும் வையி, எனக்குச் சொல்லாத" என்றாள்.

வாங்கிக்கொண்டவர்கள் யாரும் சந்தோஷமாக வாங்கவில்லை. "இன்னாத்துக்குக்கா இப்ப?" என்பார்கள். அத்தை சிரித்துக்கொண்டே, "அப்பறம் நீங்க அட்ச்சினு சாவறதுக்கு, நானே குட்த்துட்றேன்" என்பாள். அந்தச் சிரிப்பை எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஆனால் என் பயம் வேறு. அதற்கு முந்தின வருஷம் எதிர்வீட்டில் வலை பின்னுகிற பெரியவர் ஒருவர் தன் ரேடியோவை அப்பாவுக்குக் கொடுத்தார். அந்த வாரமே அவரைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொடுப்பதற்கும் போவதற்கும் இருக்கிற தொடர்பு எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு ரேடியோவுக்கே அப்படியென்றால் கட்டிலுக்கு என்ன ஆகும் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தைக்கு வயிற்றில் கட்டி. அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை செய்யப்போகிறார்கள். படுக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, வருகிற திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் என் காதில் விழக்கூடாது என்று பெரியவர்கள் கிசுகிசுத்தார்கள். எங்கள் வீட்டின் அளவுக்கு அங்கே கிசுகிசுப்பதும் கத்துவதும் ஒன்றுதான்.

வீடு துடைத்துவிட்டது போல ஆன பிறகு அத்தை ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினாள். உள்ளே அவளுடைய கல்யாணப் புடவை, சந்தன நிறப் பட்டு. எங்கள் சந்தில் பெண்களைப் பெட்டியில் வைக்கும்போது கல்யாணப் புடவையைத்தான் உடுத்துவார்கள். அதற்காகவே எல்லாரும் அதைப் பத்திரப்படுத்திவைப்பார்கள், எந்தக் கஷ்டத்திலும் விற்கமாட்டார்கள். "இத்த மறந்துடாதடி. பொட்டில வெக்கச்சொல்ல இதான் கட்டணும். நைட்டியோட அனுப்பிடப் போறீங்க" என்றாள் அத்தை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. மற்றச் சாமான்களை ஊர் முழுக்கப் போய்த் திரும்ப வாங்க என்னால் முடியாது. இந்த ஒரு புடவை இல்லாவிட்டால் போதும். புடவை இல்லாமல் பெட்டியில் வைக்கமாட்டார்கள். பெட்டியில் வைக்காவிட்டால் அத்தை எப்படிச் சாவாள்? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குக் கிளம்பிய சந்தடியில் பையைத் தூக்கிவந்து, எங்கள் பரணில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கும் அட்டைப்பெட்டிக்குள், வைக்கோலுக்கு அடியில் புதைத்தேன். டிசம்பர் வரைக்கும் அதை யாரும் திறக்கப்போவதில்லை. பூசையில் முழங்காலிட்டபோது பல மாதங்களில் முதல்தடவையாக நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி ஒரு ராத்திரிக்கு மேல் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆட்டோ வந்து நின்றது. அத்தை கடைசியாகப் பையைப் பார்க்கப் போனாள், பை இல்லை. இருந்ததே நாலு சாமான், தேடுவதற்கும் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் தேடினார்கள், பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அப்பா பொறுமையிழந்து, "போனா போவுதுக்கா, புதுசு எட்த்துக்கலாம்" என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தான் எதற்குப் புதுசு எடுப்பதாகச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது கெடைக்காம நான் வரல" என்றாள். அந்தக் குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"பெட்ட வேற யாருக்காச்சும் குட்த்துடுவாங்கக்கா. இப்பவே லேட்டுன்னு டாக்டர் சொல்லிக்கினுகீறாரு. இனிமே தள்ளிப்போட்டா..." என்று சொன்ன அப்பா, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தி என்ன பயன்? எனக்குப் புரிந்துவிட்டது. புடவையைக் கொடுத்தால் அத்தை செத்துப்போவாள். கொடுக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செத்துப்போவாள். ஆட்டோக்காரர் வெளியே ஹாரனை அடித்தார். பெரியவர்கள் சந்துமுனை வரை தேடப் போனார்கள். அத்தையும் நானும் மட்டும் இருந்தோம். நான் அவள் எதிரில் போய் நின்று அழ ஆரம்பித்தேன்.

"இன்னாடி?"

"குட்த்தா நீ செத்துப்பூடுவ."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அடி வாங்கியவள் நான், அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. எங்கே வைத்தாய் என்றும் கேட்கவில்லை. முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி, உன்னாண்டயே இருக்கட்டும். வந்து வாங்கிக்கறேன். எலி கட்ச்சிச்சின்னா தோல உரிச்சிடுவேன்" என்றாள். வாசலுக்குப் போய்த் தன் பழைய குரலில் ஆட்டோக்காரரை ஒரு அதட்டல் போட்டாள். சந்தே திரும்பிப் பார்த்தது. அப்பா ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் பரணுக்குக் கீழேதான் படுத்தேன். எலிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அத்தை திரும்பிவந்தாள். பாதியாக இளைத்து, ஆனால் நடந்தே சந்துக்குள் வந்தாள். வந்த பிறகுதான் சங்கடம் தொடங்கியது. படுக்கக் கட்டில் இல்லை, கஞ்சி வைக்கப் பானை இல்லை. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர்களைப் போல. அத்தை ஒருவரிடமும் வாங்கவில்லை. "குட்த்தது குட்த்ததுதான். எனக்கு ஒரு பாயி, ஒரு டம்ளரு போதும்" என்று திருப்பி அனுப்பினாள். அவள் எங்கள் மேல் கோபமாக இருக்கிறாள் என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம், நான் ஒளித்த புடவை இன்னும் என்னிடமே இருந்தது.

கூட்டம் போன பிறகு பையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். மடிப்புகளில் வைக்கோல் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள்.

"ரொம்ப பயந்துட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நானும்தான்டி" என்றாள் அத்தை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. காசிமேட்டையே கலக்கியவள், எனக்குத் தெரிந்து எதற்கும் பயப்படாதவள், ஒரு புடவை காணாமல் போனதற்கு இவ்வளவு பயந்திருக்கிறாளே என்று மனம் கஷ்டப்பட்டது. இனிமேல் அவளைக் கேட்காமல் அவள் சாமான் எதையும் எடுத்து ஒளிக்கமாட்டேன், அவள் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். அத்தை அதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.