பூனைக்கும் சேர்த்துத்தான் பயணம்

உனக்கு விசா கிடைத்துவிட்டது என்று கணவன் ரொபர்ட் இத்தாலியிலிருந்து போனில் சொன்ன அன்று ஏஞ்சலின் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பூனைங்களக் கூட்டிட்டு வர என்ன செய்யணுங்க?"

 

"எந்தப் பூனை?" என்றான் ரொபர்ட்.

"நம்ம வீட்டுல இருக்கே ரெண்டு. பஞ்சுவும் மணியும். வீடியோவுல காட்டினேன்ல."

"ஏஞ்சல், இந்தப் பேப்பருக்காக ஆறு வருசமா நாயா அலைஞ்சிருக்கேன். நீ என்னடான்னா பூனைங்கிற."

"நீங்க அங்க அலைஞ்சீங்க. இங்க எனக்குத் துணைக்கு இருந்தது இதுங்கதானேங்க."

 கிழவருக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று ரொபர்ட் போனை வைத்துவிட்டான். கத்தானியா என்கிற ஊரில், நடக்க முடியாத ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

ஏஞ்சலின் இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். கல்யாணமான ஆறாவது மாதமே ரொபர்ட் பிளேன் ஏறிவிட்டான். இடையில் ஒரே ஒரு தடவை, அவன் அம்மாவின் சாவுக்கு வந்து இரண்டு கிழமை இருந்துவிட்டுப் போனான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் அதன் பிறகு அவள் மட்டும்தான். விடிந்ததும் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மரம் மரமாக வெட்டி, பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துவிட்டு வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

பஞ்சு ஒரு மழை நாளில் தானாக வந்து இஸ்தோப்புத் திண்ணையில் ஒதுங்கியது. வெள்ளையும் சாம்பலும் கலந்த பெட்டைப் பூனை. ஆளைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். ஏஞ்சலினைத் தவிர யாரும் அதைத் தொட்டது கிடையாது. மணியை அவளே கண்டெடுத்தாள். பால் வெட்டப் போன இடத்தில், காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் பின்னங்கால் மாட்டி, கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த குட்டி. பிழைக்காது என்று கங்காணி சொன்னார். அவள் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்து, மஞ்சளும் மருந்தும் போட்டுக் கட்டி, மாதக்கணக்கில் கையிலேயே வைத்து வளர்த்தாள். கால் கோணலாக ஒட்டிக்கொண்டது. ஓட வராது, மரம் ஏற வராது. லயத்து நாய்கள் அதற்கு எமன். ஏஞ்சலின் வேலைக்குப் போகும்போது மணியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். பஞ்சு மட்டும் கூரை இடுக்கு வழியாக வெளியே போய் வரும்.

செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துக் காம்பரா மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மனுசருக்கே விசா குடுக்க மாட்டேங்கிறான். இதுங்களுக்கு விசாவாடி? விட்டுட்டுப் போ. நான் ஒரு வாய் சோறு வக்கிறேன்."

"ஒன் நாய் மணிய உசுரோட வச்சிருக்குமா அக்கா?"

மல்லிகா சிரிப்பதை நிறுத்தினாள். தன் நாயைப் பற்றி அவளுக்கே தெரியும்.

ஏஞ்சலின் அதற்குள் விசாரித்துவிட்டாள். போனில் படித்தாள், கொழும்பில் ஒரு ஏஜென்சிக்குப் பேசினாள். தோலுக்கு அடியில் சிப் வைக்க வேண்டும். அப்புறம் விசர் நாய்க்கடித் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து இரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு நல்லபடியாக வந்தாலும் இரத்தம் எடுத்ததிலிருந்து மூன்று மாதம் காத்திருந்துதான் பூனை இத்தாலிக்குள் கால் வைக்கலாம். ஆனால் ரொபர்ட் அடுத்த மாதமே டிக்கெட் போடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"விசா முடிய இன்னும் நாள் இருக்கு. நான் கொஞ்சம் பிந்தி வர்றேன்," என்றாள்.

"ஊரு சிரிக்கும், ஏஞ்சல். பூனைக்காகப் பொண்டாட்டி வரலன்னு நான் எப்படி வெளியில சொல்றது?"

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். செலவு என் கைக்காசு. உங்ககிட்ட ஒரு சதம் கேக்கல. வரமாட்டேன்னு சொல்லலங்க, இதுங்களோட வர்றேன்னுதான் சொல்றேன்."

ஒரு சனிக்கிழமை இரண்டு பூனைகளையும் மூடி போட்ட கூடையில் வைத்து, பஸ்ஸில் மடியில் தாங்கிக்கொண்டு அவிசாவளைக்குப் போனாள். அங்கே மிருக வைத்தியம் பார்க்கிற ஒரு சிங்கள டாக்டரம்மா இருந்தார். ஏஞ்சலின் சிங்களத்திலேயே எல்லாவற்றையும் விளக்கினாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மணியின் காலைத் தடவிப் பார்த்து, நன்றாகத்தான் பார்த்திருக்கிறாய் என்றார். அடுத்துப் பஞ்சுவைத் தூக்கியவர் அதன் இடது காதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஒபரேசன் எங்க செஞ்சீங்க அக்கா?"

"ஒபரேசனா? எதுவும் செய்யலயே."

"குட்டி போடாம இருக்கிற ஒபரேசன். செஞ்சதுக்கு அடையாளமாத்தான் காது நுனிய வெட்டுவாங்க. இங்க பாருங்க, வயித்துல தழும்புகூட இருக்கு."

ஏஞ்சலினுக்கு முகம் சூடாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பஞ்சு இரண்டு நாள் காணாமல் போய், காது நுனி போய்த் திரும்பி வந்தது. மரநாய் கடித்திருக்கும் என்று நினைத்து மஞ்சள் பூசினாள். வயிற்றுப் பக்கம் மயிர் இல்லாததைச் சொறி என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாள். அந்தச் சமயத்தில் வேறு யாரோ தன் பூனையை வைத்தியரிடம் கொண்டுபோய், மயக்க மருந்து கொடுத்து, மயக்கம் தெளியும்வரை வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். ஆளைக் கண்டால் ஓடுகிற பூனை, அந்த யாரோ ஒருவருடைய கைக்குள் அடங்கிப் போயிருக்கிறது.

இரண்டுக்கும் சிப் வைத்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பினாள். வழி முழுக்க அவள் கூடைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தோட்டத்துக்குக் கீழே சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீனிடம், ஊரார் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவரிடம், காது வெட்டிய ஒரு வெள்ளைச் சாம்பல் பூனை இருப்பதாக ஸ்டோரில் ஒருத்தி சொன்னாள். ஏஞ்சலின் பொதுவாக டவுனில்தான் சாமான் வாங்குவாள். அந்தக் கடைப் பக்கம் போவது அபூர்வம். மறுநாள் போனாள்.

"வாங்க தங்கச்சி. என்ன வேணும்?"

"ஒங்ககிட்ட ஒரு பூனை இருக்காமே நானா. காது வெட்டின பூனை."

"ராணியா?" அவர் முகம் மலர்ந்தது. "இப்ப இல்ல. காலையில வரும், பகல் வரைக்கும் ஈக்கிம், பொறகு போயிரும். ஏன், கோழியக் கீழியப் புடிச்சிட்டா?"

"அது என் பூனை நானா. பேரு பஞ்சு."

ஸஹாப்தீனுக்கு அறுபது வயதிருக்கும். கையிலிருந்த சீனிப் பையை மெல்லக் கீழே வைத்தார். மூன்று வருடமாக அந்தப் பூனை தன் கடைக்கு வருவதாகச் சொன்னார். அரிசி மூட்டைகளை எலி அரித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்து சேர்ந்ததாம். வயிற்றில் குட்டியோடு அலைந்து மெலிந்துவிட்டதைப் பார்த்து, அந்தக் குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுத்து, பிறகு தானே த்ரீவீலரில் கொண்டுபோய் ஒபரேசன் செய்வித்தாராம். அப்போது பஞ்சு வயிறு வற்றி வந்ததைப் பார்த்து, குட்டிகளை மரநாய் தின்றிருக்கும் என்று தான் நினைத்தது ஏஞ்சலினுக்கு ஞாபகம் வந்தது.

"வீடு வாசல் இல்லாத பூனெண்டு நெனச்சேன், புள்ள."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"யார்ட கேக்கிறது? கழுத்துல பேரு எழுதியா ஈக்கிது?"

"இன்னும் கொஞ்ச மாசத்துல நான் இத்தாலிக்குக் கூட்டிட்டுப் போறேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அதெப்படி நீங்களா முடிவெடுப்பீங்க? எனக்கும் உள்ள பூனெதானே அது!"

இரண்டு பேரும் குரல் உயர்த்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏஞ்சலின் மேட்டில் ஏறி வந்துவிட்டாள்.

வீட்டில் பஞ்சு வழக்கம்போலக் காலைச் சுற்றியது. அவளுக்கு அதைத் தூக்க மனம் வரவில்லை. கண்ணுக்கு மறைந்த நேரத்தில் இது இன்னொரு பெயரோடு இன்னொரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. கூடவே இருந்த பூனையின் கதையே இப்படியென்றால் கடல் தாண்டி இருக்கிறவனின் கதை என்ன?  அன்றைக்கு ரொபர்ட் போன் எடுத்தபோது நேராகவே கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு அங்க வேற வீடு ஏதும் இருக்குதாங்க?"

ரொபர்ட் முதலில் சிரித்தான். அவள் விளையாடவில்லை என்று புரிந்ததும் அவன் குரல் மாறியது.

"எனக்கு வீடே இல்ல, ஏஞ்சல். கெழவர் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மடக்குக் கட்டில். அதுதான் ஆறு வருசமா. அவரு தும்மினா எந்திரிக்கணும். ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குப் போனா தமிழ்ல நாலு வார்த்த பேசலாம். இப்பதான் உனக்காகப் பகல் வேலைக்கு மாறி, நாலாவது மாடியில ஒரு ரூம் எடுத்திருக்கேன். இதையெல்லாம் சொன்னா நீ அழுவன்னு சொல்லல."

அவள் அழத்தான் செய்தாள். ஆனால் பயம் போய்விட்டது. நாலாவது மாடி என்ற வார்த்தை மட்டும் மனதில் தங்கிவிட்டது.

அடுத்த கிழமை ஒரு நாள் வேலைக்குப் போகாமல் லீவு போட்டாள். காலையில் பஞ்சு கூரை இடுக்கில் புகுந்து வெளியே போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே சந்திக்கு இறங்கினாள். கடைக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தாள்.

அவள் பார்த்தது தனக்குத் தெரியாத ஒரு பூனையை. காம்பராவில் மல்லிகாவின் காலடிச் சத்தத்துக்கே ஒளிகிற பஞ்சு, இங்கே கடை மேசையில் தராசுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பஸ் ஹோர்ன் அடித்தது, அசையவில்லை. பாண் ரொட்டி வாங்க வந்த ஸ்கூல் பிள்ளைகள் தலையைத் தடவினார்கள், கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. மூட்டைகளின் மேல் ஏறி இறங்கி ஒரு சுற்று வந்தது. வெயில் வந்ததும் ரோட்டைத் தாண்டி ரப்பர் காட்டுக்குள் போய், ஓணானைத் துரத்திவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு காலைப் பொழுதுக்குள் அது நடந்த தூரத்தை நாலாவது மாடியில் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மணியை நினைத்தாள். அதற்குக் காம்பராவே உலகம். ஜன்னல் ஓரமும் அவள் மடியும் இருந்தால் போதும். இங்கே விட்டால் ஒரு கிழமை தாங்காது.

எழுந்து ரோட்டைக் கடந்து கடைக்குள் போனாள். ஸஹாப்தீன் சண்டைக்குத் தயாராவது போல நிமிர்ந்தார்.

"நானா, நான் போன பொறகு சாயங்காலத்துலயும் இது இங்க இருக்கலாமா? கடை பூட்டின பொறகு எங்க படுக்கும்?"

அவர் பின்பக்கமாகக் கையைக் காட்டினார். "கடைக்குப் பின்னுக்குத்தான் எங்கட வீடு. கதவு தொறந்துதான் ஈக்கிம், புள்ள."

"மழ பெஞ்சா பயப்படும். இடி இடிச்சா யாராச்சும் பக்கத்துல இருக்கணும்."

"எனக்கும் இடிக்குப் பயம்தான்," என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் நீரோடுதான் சிரித்தாள்.

இரத்தம் எடுக்கும் நாளன்று அவிசாவளைக்குப் போன கூடையில் மணி மட்டும்தான் இருந்தது. ரொபர்ட்டிடம் சொன்னபோது அவன் சந்தோசப்பட்டான்.

"ஒன்னுதானே மிச்சம். அதையும் யார்கிட்டயாவது குடுத்துட்டு வந்திரு. இந்த மாசமே வரலாம்."

"பஞ்சுவுக்கு எடம் இருக்கு, அதனால விட்டுட்டு வர்றேன். மணிக்கு என்ன விட்டா யாரும் இல்ல, அதனால கூட்டிட்டு வர்றேன். ரெண்டும் நான் யோசிச்சு எடுத்த முடிவுங்க. மாத்த மாட்டேன்."

மூன்று மாதமும் அவள் பால் வெட்டிக்கொண்டே இருந்தாள். பெரட்டில் "பூன மேடம் வந்திருச்சு" என்று கேலி செய்தார்கள். அவள் பெயர் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆய்வுகூடத்திலிருந்து நல்ல முடிவு வந்தது. அந்த நாட்களில் சாயங்காலமானால் பஞ்சுவைத் தானே கூட்டிக்கொண்டு சந்திக்கு இறங்கி, நானாவின் வீட்டுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். முதலில் பஞ்சு அவளுக்கு முன்னாலேயே லயத்துக்குத் திரும்பி வந்துவிடும். போகப் போக அங்கேயே தங்கிவிட்டது. கூட வராத முதல் நாள் ஏஞ்சலின் சாப்பிடாமல் படுத்தாள். ஆனாலும் மறுநாள் போய்க் கூப்பிடவில்லை.

விமான நிலையத்தில் மணியின் கூண்டு வேறு பக்கமாகப் போனபோது அவள் பின்னாலேயே நடந்தாள். விலங்குகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வைப்பார்கள், பயப்படாதீர்கள் என்றாள் ஒரு பெண். பயணம் முழுக்க ஜெபமாலையைக் கையை விட்டு இறக்கவில்லை. ரோமில் இறங்கி, காகிதம் பார்த்து, சிப்பைச் சரிபார்த்துக் கூண்டைக் கையில் கொடுத்தபோது உள்ளே மணி உயிரோடு, கோபமாக இருந்தது. அவளுக்கு அது போதும்.

கத்தானியாவில் ரொபர்ட் வந்து நின்றான். மெலிந்திருந்தான். முன்தலையில் முடி குறைந்திருந்தது.  அவன் பெட்டியை எடுக்கக் குனிந்து, கூண்டுக்குள் பார்த்து, "இதுதானா?" என்றான்.

"இதுதான்."

நாலாவது மாடி அறைக்குப் போனதும் மணி கட்டிலுக்கு அடியில் புகுந்தது, வெளியே வரவில்லை. டப்பாவில் வாங்கிய பூனைச் சாப்பாட்டை முகர்ந்தும் பார்க்கவில்லை. தண்ணீரை மட்டும், இருவரும் பார்க்காத நேரத்தில் நக்கிவிட்டுப் போனது. ஏஞ்சலின் தரையில் படுத்து அதனோடு பேசிப் பார்த்தாள்.  இரண்டு நாள் ரொபர்ட் அதைப் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வழக்கத்தைவிடப் பிந்தி வந்தான். ஊரின் மறு கோடியில் இலங்கைச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறதாம். பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்தான். வாசம் அறை முழுக்கப் பரவியது. நெத்தலிக் கருவாடு.

"ஆக்கின சோத்துல பெசஞ்சு வச்சுப் பாரு," என்றான். "நானும் வந்த புதுசுல இங்கத்த சாப்பாட்டத் தொடல."

அவள் சோறு ஆக்கிப் பிசைந்து கட்டிலருகே வைத்தாள். இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோணல் கால் ஒன்று வெளியே வந்தது. பின்னாலேயே மணி வந்து, குனிந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றது.