தையல்சிட்டும் கணவாயும்

வாழையிலையில் சுற்றிய ஒற்றைக் கணவாய் மீனை என் மேசைமேல் வைத்தபோது அந்த அம்மாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. எழுபதுகளில் பாகூர்ப் பக்கத்துப் பெண்கள் பள்ளியொன்றில் நான் விலங்கியல் ஆசிரியை. வகுப்பில் காட்டக் கணவாய் வேண்டுமென்று மீனவக் குப்பமான பனித்திட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தியிடம் கேட்டிருந்தேன். அவளைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். வளர்த்த பெரியம்மாதான் மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கணவாயோடு உள்ளே வந்திருந்தார்.

நானோ வில்லியனூர் மளிகைக்கடை வீட்டுச் சைவம். தொட மனம் வராமல் குச்சியால் புரட்டிக் காட்டினேன். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. பள்ளி அத்திமரத்தில் தையல்சிட்டு ஒன்று இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து, இரண்டையும் ஒப்பிட்டேன். கூடு, அடைகாப்பு, இரையூட்டல் என்று சிட்டின் பக்கம் நிரம்பி வழிந்தது. கணவாயின் பக்கம், "முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், தாய்ப்பாசம் கிடையாது" என்று எழுதினேன். முட்டையிடும் என்பதுவரைதான் புத்தகம். மீதி என் சொந்தச் சரக்கு. அன்றே சகமாணவிகள் அந்தப் பெண்ணுக்குக் 'கணவா பெத்த பொண்ணு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் பெரியம்மா ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், அது இன்னா வுட்டுட்டா போவுது? முட்ட வச்சதும் செத்துப்பூடும். நாங்க வலையில பாக்காததா? புள்ள நேத்துலேர்ந்து சோறு துன்னல. எங்கம்மாவும் வுட்டுட்டுத்தான் பூட்டாளான்னு கேக்குது. கிளாஸ்ல ஒரு வார்த்த மாத்திச் சொல்லிடும்மா."

"சரி, பார்க்கிறேன்" என்றேன். பெரிய புத்தகத்தைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் அதிலும் இருந்தது. ஒரு வார்த்தை. வகுப்பில் நின்று, "நேற்று நான் சொன்னது தப்பு" என்றிருந்தால் முடிந்தது. மீன்காரம்மா சொல்லி டீச்சர் திருத்திக்கொண்டாள் என்று ஊர் பேசுமே! அந்தக் கௌரவம் என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். எப்பேர்ப்பட்ட அற்பம்! எண்ணினால் இன்றும் உடம்பு கூசுகிறது.

முழுப்பரீட்சைக்கு அதே ஒப்பீட்டைக் கேள்வியாகக் கேட்டதும் நான்தான். அந்தப் பெண்ணின் தாளில் உருண்டை உருண்டையான கையெழுத்து. "கணவாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குத் தாய்ப்பாசம் கிடையாது." ஓர் எழுத்துகூட மாற்றாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே எழுதியிருந்தாள்.

சிவப்பு மையால் சரி போட்டு, முழு மதிப்பெண் கொடுத்தேன்.