முன்பாதி யேலித்சா, பின்பாதி லோவ்ரே

படகின் முன்பாதி நான்கு துண்டாகி டிரெய்லரில் கிடந்தது. பெரினா பின்பாதியில் ரம்பத்தை வைக்கும்போது லோவ்ரே இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு சரிவில் ஓடிவந்தார்.

“நிறுத்துடி பாவி! அது என் படகு!”

பெரினா முகமூடியைக் கழற்றினாள். ஜெர்மனிக்குப் போன கணவன் திரும்பவில்லை; அவன் ரம்பம் மட்டும் இருந்தது. பதினெட்டு வருஷமாகத் தீவின் பழைய ஃபைபர் படகுகளை அறுத்து ஸ்பிளிட் நகரத்துக்கு அனுப்புகிறாள். ஒருநாளும் படகு மாறியதில்லை.

“அப்ப யேலித்சாக்கா படகு எது?”

அவர் பக்கத்தில் நின்றதைக் காட்டினார். அதற்குள் யேலித்சாவும் வந்து சேர்ந்தாள். நீலமும் வெள்ளையுமாகப் பளபளத்தது.

“அறுக்கப்போற படகுக்கு எதுக்குக்கா பெயின்ட்?”

“நாளைக்கு மாதா பவனிடி,” என்றாள் யேலித்சா. “குளிப்பாட்டாமயா அனுப்புவேன்? ஊரு சிரிக்காது?”

லோவ்ரே இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. நாளை பாதிரியாரும் மாதா சிலையும் ஏற வேண்டியது அவர் படகில்தான். அந்த முறை ஒரு படகுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதடவைதான் வரும். அவருக்கு வயது எழுபத்தொன்பது.

“யேலித்சா படகையே எடுத்துக்கறேன்.”

“பின்பக்கப் பலகை உளுத்துப்போச்சு. மோட்டார் மாட்டினா மோட்டார் மட்டும் தனியா போகும்,” என்றாள் யேலித்சா.

பெரினா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். ஊரில் எல்லாப் படகும் ஒரே அச்சில் வார்த்தவை. ரம்பத்தைக் கிளப்பி யேலித்சாவின் படகையும் நடுவில் அறுத்தாள்.

பாதிகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. கண்ணாடி இழையை உள்ளும் புறமும் ஒட்டினார்கள். பெரினா அவசரத்தில் பிசினை இறுகவைக்கும் மருந்தை இரட்டிப்பாக ஊற்ற, பிசின் கொதித்துப் புகைந்தது. அந்த நெடியில் மூவருக்கும் தலை கிறுகிறுத்தது, காரணமில்லாமல் சிரித்தார்கள்.

“முன்னாடி மாப்பிள்ளை, பின்னாடி மாமனார்,” என்றாள் யேலித்சா. லோவ்ரே சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒட்டு கல்லாக இறுகியிருந்தது. படகை நீரில் தள்ளினார்கள்.

“அறுத்தவ முதல்ல ஏறு!” என்றார் லோவ்ரே.

பெரினா சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். விரிகுடாவை ஒரு சுற்று, பிறகு ஆசைக்கு இன்னொரு சுற்று. “மிதக்குது! ஐயோ, மிதக்குதுய்யா!” என்று அவள் கத்தியது மலைமேல் ஆடுகளுக்குக்கூடக் கேட்டிருக்கும். யேலித்சா ராக்கியா சாராயப் புட்டியைத் திறந்தாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பவனி புறப்பட்டது. லோவ்ரே சுக்கான் பிடித்தார். ஒட்டில் கொஞ்சம் நீர் கசிந்து பாதிரியாரின் செருப்பு நனைந்தது. பெரினா காலடியில் குந்தி டப்பாவால் இறைத்தாள். நாற்பது நிமிடத்தில் கரை சேர்ந்தார்கள். மதியம் வறுத்த மத்தி சாப்பிட்டார்கள்.