என் நோட்டில் ‘அர்த்தமில்லாத சத்தம்’

“பிள்ளைக்குக் காது கேட்கிறது” என்று பெற்ற தகப்பனே சத்தியம் செய்தாலும் நம்பக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். உள்ளே ஒரு பாகம், காதுக்குப் பின்னால் ஒரு மிஷின், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். அதோடு டாக்டர் வேலை முடிந்தது. அந்தக் காதால் கேட்கவும், கேட்டதைப் பேசவும் பழக்குவது எங்கள் பாடு. நான் மதுரைக்காரி. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்ததால் இங்கே ஒரு பயிற்சி மையத்தில் வந்து உட்கார்ந்தவள். சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் சகபாவிகளே, இந்தக் கதை உங்களுக்கும் நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

கைதட்டல் பரீட்சை

உத்தனப்பள்ளிப் பக்கம் தக்காளி போடும் முனிராஜு, மூன்று வயது மகள் தீக்ஷாவைத் தூக்கிக்கொண்டு மனைவி மஞ்சுளாவோடு வந்தார். மிஷின் மாட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. “நல்லாவே கேக்குதுங்க மேடம், பாருங்க” என்று பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் படாரென்று தட்டினார். பிள்ளை திரும்பியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கோ சந்தேகம். மண்வெட்டி பிடித்த கை. தட்டினால் காற்றே பிள்ளையின் கழுத்தில் அடிக்கும். தரையில் நிழல் வேறு ஆடுகிறது. மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இப்போது தட்டச் சொன்னேன். தட்டினார். பிள்ளை முன்னைவிட வேகமாகத் திரும்பிச் சிரித்தது. முனிராஜு மிஷினையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ ஆபரேசனுக்கு முன்னாடி நான் தட்டுனப்பவும் இது என்னைய ஏமாத்திட்டுதான் இருந்துச்சா மேடம்?”

ஒரே பாஷைச் சட்டம்

அன்றைக்கே என் சட்டத்தையும் சொல்லிவிட்டேன். வீட்டில் தமிழ் மட்டும்தான். பாஷைகளைக் கலந்தால் பிள்ளை குழம்பிவிடும். இந்த ஊர் டீக்கடையில் தமிழில் ஆரம்பிக்கும் பேச்சு, மீதிச் சில்லறை வாங்குவதற்குள் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் போய்வந்துவிடும். முனிராஜு வீட்டில் தெலுங்கு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெலுங்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது என்பதும் தெரியும். சட்டம் யார் வசதிக்குப் போட்டது என்று மட்டும் நான் என்னைச் சந்தேகப்படவில்லை.

முனிராஜு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மஞ்சுளா வேகமாகத் தலையாட்டினாள். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே அதுதான்.

“நீங்க சொன்னபடியே செய்றோம் மேடம்.”

பஸ்ஸில் ஒரு காது நிபுணர்

சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமில்லை. ராயக்கோட்டை பஸ்ஸில் இவர்கள் வரும்போது கண்டக்டர் பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டு வந்தாராம். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முனிராஜுவைக் கண்டித்திருக்கிறார்.

“இத்தனூண்டு பாப்பாவுக்குப் போயி புளூடூத் மாட்டி வுட்டிருக்கீங்களே, காது என்னாத்துக்கு ஆவும்?”

மிஷின் சொன்ன கோள்

ஆறு மாதம் ஓடியது. கறுப்புத் துணி போர்த்திய வளையத்தால் என் வாயை மறைத்துக்கொண்டு ‘வா’ என்பேன், ‘பந்து’ என்பேன். மறைக்காவிட்டால் பிள்ளைகள் உதட்டைப் படித்துவிட்டுக் கேட்டதுபோல் சாதிப்பார்கள். தீக்ஷா துணியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மிஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் அது எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். நாள் முழுக்க மாட்டியிருக்கிறார்கள். ஆனால் மிஷின் கேட்டதெல்லாம் பெரும்பாலும் அமைதி. தினமும் ஏதோ ஒரு மணி நேரம் மட்டும் பேச்சு. “வீட்ல பிள்ளைகிட்ட பேசுறீங்களா, இல்லையா?” என்று மஞ்சுளாவை அதட்டினேன். பேசுகிறேன் என்றாள். “தெலுங்குலயா?” என்றேன். “அய்யய்யோ, ஒரு வார்த்த கூட இல்ல மேடம்” என்று தரையைப் பார்த்தாள். அவள் பொய் சொல்கிறாள் என்று உறுதியாகத் தெரிந்தது. எதில் என்றுதான் தெரியவில்லை. முனிராஜு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வீட்டுப் பெரியவங்க இது ஆவற கதையில்ல, காது கேக்காத புள்ளைங்க ஆஸ்டல்ல சேத்துடலாங்கறாங்க. அடுத்த வாட்டி நீங்க என்னா எழுதறீங்களோ, அதும்படி செஞ்சிடறோங்க.”

அர்த்தமில்லாத சத்தம்

அடுத்த வாட்டி மஞ்சுளா மட்டும் பிள்ளையோடு வந்தாள், அவளை வெளியே உட்காரவைத்தேன். ‘முன்னேற்றம் இல்லை’ என்று பாதி ரிப்போர்ட்டை எழுதியும் வைத்திருந்தேன். தீக்ஷா பந்தை வீசிவிட்டு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “நீயு… நீயு” என்றாள். போன இரண்டு வாரமும் இதையேதான் சொன்னாள். மூன்றாவது முறையாக நோட்டில் எழுதினேன்: ‘அர்த்தமில்லாத சத்தம்.’

மையத்தைக் கூட்டிப் பெருக்கும் ரத்னம்மா விளக்குமாற்றோடு வாசலில் நின்றிருந்தார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“அர்த்தம் இல்லாம என்னா மேடம்? பாப்பா ‘நீள்ளு’ கேக்குது. தெலுங்குல தண்ணி. வர்றப்பல்லாம் கேக்குது, யாருமே குடுக்கல.”

மாட்டுக்கொட்டகைப் பாடம்

என் பாட்டிலையே திறந்து கொடுத்தேன். பிள்ளை கடகடவென்று குடித்தது. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. மஞ்சுளாவை உள்ளே கூப்பிட்டு, இந்த வார்த்தையை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். திருட்டில் மாட்டியவள்போல் அழ ஆரம்பித்துவிட்டாள். “எனக்கு தமிழு தப்பு தப்பா வரும் மேடம். பாப்பாவுக்கும் தப்பாவே வந்துட்டா? அதான் வாய மூடிட்டு இருந்தேன். பால் கறக்கறப்போ கொட்டாய்ல யாரும் இல்ல… அங்க மட்டும் தெலுங்குல பேசிட்டேன். இனிமே பேச மாட்டேன் மேடம்.” காலையும் மாலையும் பால் கறக்கும் நேரம். மிஷின் கணக்கில் இருந்த அந்த ஒரு மணி நேரம்.

அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தால்? பாட்டிலை ஒளித்தேன். ஃபேனை நிறுத்தினேன். மஞ்சுளாவைப் பிள்ளைக்குப் பின்னால் உட்காரவைத்து, வாய்க்கு முன்னால் வளையத்தைப் பிடித்து, பசு எங்கே என்று தெலுங்கில் கேட்கச் சொன்னேன். மெல்லிய குரலில், “ஆவு யாட?” என்றாள். தீக்ஷாவின் கையிலிருந்த கட்டை நின்றது. எழுந்து பொம்மைக் கூடைக்குப் போய், யானையைத் தள்ளி, குதிரையைத் தள்ளி, பசுவை எடுத்துக்கொண்டு வந்து அம்மா மடியில் வைத்தாள்.

ரிப்போர்ட்டைக் கிழித்தேன். நோட்டில் மூன்று இடத்திலும் அடித்துவிட்டுத் ‘தண்ணீர்’ என்று எழுதினேன். மஞ்சுளா நான் திட்டப்போகிறேன் என்று இன்னமும் பயந்துகொண்டிருந்தாள்.

“அப்போ… இனிமே நா வாய தொறக்கலாமா மேடம்?”

பிள்ளைக்குக் காது கேட்கிறது என்று யார் சொன்னாலும் நான் இப்போதும் நம்புவதில்லை. ஆனால் ‘நீங்க சொன்னபடியே செய்றோம் மேடம்’ என்று தலையாட்டும் தாயைப் பார்த்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் எந்தப் பாஷையில் பேசுவீர்கள் என்று முதலில் கேட்கிறேன்.